கல்மேட்டில் கன்று கருகுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் காணியின் மேற்குப் பக்கம் கல்மேடு. மாரிக்கு முன் பற்றைகளை வெட்டி வெளியாக்கி, பாலை, முதிரை மரக் கன்றுகளை நட்டோம். மாரியில் தளதளவென்று நின்ற கன்றுகள் ஆடிக்குள் கருகிவிட்டன. தினமும் தண்ணீர் ஊற்றியும் பலனில்லை. என்ன பிழை?
– வாசகி, நெடுங்கேணி

பற்றையை வெட்டியதுதான் பெரிய பிழை. கல்மேட்டில் காரையும் சூரையும் பாவட்டையும் சும்மா நிற்பதில்லை. உதிர்ந்த இலையையும் மழையில் கரைந்து வரும் மண்ணையும் அவைதான் பிடித்து வைக்கின்றன. காரையிலும் சூரையிலும் முள் இருப்பதால் ஆடு மாடும் கிட்டப் போகாது. அவற்றை நீக்கினால் வெயிலில் கல் கொதிக்கும், அந்தச் சூட்டில் மேல்மண்ணிலுள்ள இளவேர் வெந்துபோகும். மிச்சத்தைச் சோளகக் காற்று உலர்த்திவிடும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதும் கெடுதல்தான். வேர் மேலேயே நின்றுவிடும். முதற் கோடையில் வாரம் ஒருமுறை, கன்றுக்கு 10 லீற்றர் மெதுவாக ஊற்றுங்கள்.

இனி நடுவதற்கு முன் அலவாங்கால் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்குள் கல்லில் முட்டினால் அங்கே மரம் வேண்டாம். தண்ணீரை இலையிலும் தண்டிலும் சேமிக்கும் மருள், பிரண்டை, சதுரக்கள்ளி அந்த இடத்துக்குப் போதும். ஒன்றரை அடி இறங்கினாலோ, பாறையில் ஆழமான வெடிப்பு இருந்தாலோ முதிரை, வீரை, காயா வைக்கலாம். மேட்டின் அடிவாரத்து ஆழமான மண்ணைப் பாலைக்கு விடுங்கள். அங்கேதான் அது உயரும். கல்லை உடைத்துக் கிடங்கு வெட்டவே வேண்டாம். கார்த்திகை மழையில் அது தொட்டிபோல் நிரம்பி வேரை அழுகவைக்கும். முதிரைக்குத் தேங்கும் நீர் ஆகாது.

ஐப்பசியின் முதல் நல்ல மழையோடு நடுங்கள். இருக்கும் பற்றைக்குக் கிழக்குப் பக்கமாக வைத்தால் பிற்பகல் வெயிலையும் காற்றையும் பற்றையே மறைக்கும். பொலித்தீன் பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்த ஓர் அங்குலத்தை அரிந்துவிட்டு நடுங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் அரை அடி உயரத்துக்குப் பிறைவடிவில் கல் அடுக்கி, உள்ளே உக்கிய இலை போடுங்கள்.

சேர்த்து வைத்த பாலை விதையை ஐப்பசியில் போட்டோம். ஒன்றிரண்டே முளைத்தன.
– வாசகர், புதுக்குடியிருப்பு

வைத்திருக்கக் கூடாத விதை அது. பழம் விழும் காலத்திலேயே பொறுக்கி, பிசுபிசுப்புப் போகக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, அந்த வாரமே மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். வளர்ச்சி மிக மெது. பையில் இரண்டு வருடம் நின்றாலும் கைவிட வேண்டாம். பாலைப்பழம் கரடிக்கு உயிர், ஆகவே விடியலிலும் மைம்மலிலும் காட்டுக்குள் போகாதீர்கள். மிதிவெடிப் பலகை உள்ள பக்கம் எந்த நேரத்திலும் போக வேண்டாம்.

கனடாவிலுள்ள அக்கா, அங்கே கல்முகடுகளில் நிற்கும் ஓக் மரத்தின் விதையை அனுப்புகிறேன் என்கிறார். இங்கு வளருமா?
– வாசகர், வவுனியா

வேண்டாம். இலங்கையில் இயற்கையாக வளரும் ஓக் இனம் ஒன்றுகூட இல்லை. அங்கும் மண் மெல்லிய முகட்டில் ஓக் குட்டையாகத்தான் நிற்கும், அடியில் புளூபெரிப் பற்றை இருக்கும். அதுவரை நம் கல்மேடுதான். ஆனால் அந்த மரம் குளிருக்கு இலை உதிர்த்து உறங்குவது. நம் வீரையும் பாலையும் தடித்த இலையோடு கோடையைத் தாங்குபவை. சிவப்பு ஓக் விதை முளைக்கவே சில மாதம் ஈரக்குளிர் வேண்டும்; காய்ந்தால் செத்துவிடும். விதைக்குள் வண்டின் புழுவும் இருக்கலாம். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.