கையால் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியின் மரப்பிடி ஆடுகிறது, பிடியோரம் துருவும் வருகிறது. புதுப் பிடி போடுவது எப்படி?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதில் தண்ணீர் தங்குகிறது. எஃகிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம்தான் ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காக்கிறது. பிடிக்கு அடியில் உப்புத் தண்ணீர் அடைபட்டு நின்றால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், படலம் உடைந்து, குழி குழியாக அரிக்கும். நல்ல எஃகுக்கும் இது நேரும். ஆகவே விற்றவரைத் திட்டுவதற்கு முன் பிடியைக் கழற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவே இல்லையென்றால் அலகு பெரும்பாலும் 304 வகை போன்ற, பாத்திரம் செய்யும் தகடு. அதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் கடினமாகாது, கூரும் நிற்காது. புதுப் பிடி வீண் வேலை. ஒட்டினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 430 வகையும் ஒட்டும், அதுவும் கடினமாகாது. கத்திக்கு உரியவை 420, 440சி போன்றவை. சாணை பிடித்த பின் கூர் எத்தனை நாள் நிற்கிறது என்பதே வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை.

வேலை தொடங்குமுன் அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவிடுங்கள். பிடியை எஃகோடு இறுக்கும் ஆணியான ரிவிட்டின் தலையை டிரில்லால் எடுத்து, ஆணியைத் தட்டி வெளியேற்றுங்கள். பிடிக்குள் இருந்த எஃகில் துருவை 120, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஆழமான குழிகள் இருந்தால் பிற்பாடு அங்கேதான் முறியும். அந்தக் கத்தியை விட்டுவிடலாம்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரம் பின்னால் சுருங்கி, அதே இடைவெளியைத் திரும்பக் கொண்டுவரும். பழைய நிலைக்கதவின் தேக்குத் துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது தேட வேண்டாம். ஈட்டி மரமும் அருமை. மாமரம் வேண்டாம், ஈரம் குடிக்கும், பூச்சியும் விழும். எஃகின் இருபுறமும் ஒவ்வொரு துண்டு; பக்கத்துக்கு 8 முதல் 10 மி.மீ. தடிமன், இழை ஓட்டம் பிடியின் நீளவாக்கில். மரம் குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும்.

எஃகிலுள்ள பழைய துளைகளையே அளவாக வைத்து மரத்தைத் துளையிடுங்கள். ஆணிக்குப் பித்தளைக் கம்பி. புதுத் துளை வேண்டுமென்றால் கார்பைடு பிட் தேவைப்படும். கடினமாக்கிய எஃகில் சாதாரண பிட் வழுக்கி எரிந்துபோகும். அலகைப் பார்த்திருக்கும் முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே இழைத்து முடித்துவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு தேய்த்தால் அலகில் கீறல் விழும்.

ஒட்ட, 24 மணி நேரத்தில் இறுகும் இரு பாக எபாக்சி பசை. ஐந்து நிமிட வகை அவசரக்காரர்களுக்கு. எஃகை 80 உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். தேக்கு, ஈட்டி இரண்டிலும் இயற்கை எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிப்பு வராது. கிளாம்பை அளவாக முடுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறிவிடும். முன்விளிம்பில் வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள். பித்தளை முனைகள் இருபுறமும் ஒரு மி.மீ. நீட்டியிருக்கட்டும், சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தலையை விரியுங்கள். ஓங்கி அடித்தால் துளையிலிருந்து மரம் பிளக்கும்.

அரத்தால் வடிவம் கொடுத்து 120, 240, 400 என்று தேயுங்கள். மெஷினில் தேய்ப்பவர்கள் ஆணியை அடிக்கடி தொட்டுப் பார்க்கவும். கை பொறுக்காத சூடு ஏறினால் எபாக்சி இளகும்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய்: மெல்லிய பூச்சு, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைப்பது, ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது என்று மூன்று பூச்சு. தேங்காய் எண்ணெய் காயவே காயாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்; ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.