அவசரப் பிரிவில் தெரிந்த மைலோமா: ஆயுள் குறையுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் அப்பாவுக்கு 71 வயது. மாதக்கணக்கில் முதுகுவலி. ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) போகும்போதெல்லாம் வலி மாத்திரைதான் கிடைத்தது. கடைசியில் மயங்கி விழுந்து அவசரப் பிரிவில் சேர்த்தபோது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இப்படித் தெரிய வருபவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: கணக்கு உண்மைதான். இங்கிலாந்தில் மைலோமா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவசரப் பிரிவு வழியாகத்தான் நோய் தெரிய வருகிறது. ஜி.பி. பரிந்துரைத்து மருத்துவமனைக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் ஓராண்டைத் தாண்டுபவர்கள் குறைவு.

ஆனால் அந்தச் சராசரியை அப்படியே அப்பாவின் மேல் ஏற்றாதீர்கள். வந்து சேரும்போது உடம்பு எவ்வளவு பழுதாகியிருந்தது என்பதுதான் பெரிதும் முடிவு செய்கிறது. மைலோமா செல்கள் சுரக்கும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். எலும்பு கரைந்து ரத்தத்தில் கால்சியம் ஏறும். சிகிச்சை தொடங்கிய பின் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவுப்பொருள்) ரத்தத்தில் இறங்குகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. அப்படி மீள்வது நல்ல அறிகுறி.

எல்லா ரத்தப் புற்றுநோயும் இப்படியல்ல. தீவிர லுக்கேமியா சில வாரங்களிலேயே முற்றிவிடும், அது அவசரப் பிரிவில் தெரிவது பெரும்பாலும் நோயின் வேகத்தால். மைலோமாவில்தான் மாதங்கள் வீணாகின்றன. இங்கிலாந்தில் 2010இல் நோயாளிகளிடம் கேட்டபோது, மைலோமாக்காரர்களில் பாதிப் பேர் பரிந்துரை கிடைக்கும் முன் மூன்று முறையோ அதற்கு மேலோ ஜி.பி.யைப் பார்த்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அது 100க்கு 7 பேர்தான். முதுகுவலியோடு வருபவர்களில் மைலோமா மிக அரிது என்பதால் ஜி.பி.க்கும் சிரமம்தான். இருந்தாலும் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு முதுகுவலி விடாமல் இருந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கால்சியம், ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) பார்க்கச் சொல்கிறது, மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி. வீட்டில் வேறு பெரியவர்களுக்கு இப்படி வலி இருந்தால், இந்தச் சோதனைகளைப் பெயர் சொல்லியே கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

சரி, இப்போது அப்பாவுக்கு என்ன செய்யலாம்? முதல் சில மாதங்கள்தான் கவனமாக இருக்க வேண்டிய காலம். வலிக்கு இபுப்ரோஃபென் தராதீர்கள், சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே, நடுராத்திரி என்றாலும், சிகிச்சைக் குழு கொடுத்திருக்கும் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் போக முடியாமல் தவித்தாலோ நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்றால், சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.