படம் எடுக்கும்போது காட்டுமாடு எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் கேமராவை இறக்குங்கள். செல்போனின் அகல லென்ஸில் பார்த்தால் மாடு உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி நிற்பதுபோலத்தான் தெரியும், அதை நம்பித்தான் பலரும் இன்னும் நாலடி முன்னால் போகிறார்கள். நன்கு வளர்ந்த காளை 1,000 கிலோவைத் தொடும். குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வளைவு திரும்பியதும் என் எதிரே ஒன்று நின்றது, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்கள், கொம்பில் ஒட்டிய ஈரமண் வரை தெரிந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி முழு உருவத்தையும் காட்டியது. படத்துக்கு அருமையான கோணம்தான், ஆனால் அது எச்சரிக்கை! அப்போது ஓடக்கூடாது, ஃபிளாஷ் அடிக்கக்கூடாது, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, அது போக வழி விட வேண்டும். அப்புறம், கன்றோடு இருந்தால் படமே வேண்டாம்.