ஆக்குபேஷனல் தெரபி உதவியாளருக்குச் சம்பளம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கையை ஈரோட்டில் ஒரு குழந்தை வளர்ச்சி மையத்தில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளராகச் சேர்க்கலாமா, அந்த வேலையில் சம்பளம் எதைப் பொறுத்து அமைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அனுபவம் வந்தால் சம்பளம் தானாக ஏறும் என்று மையத்தார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஈரோடு, கோவை, கோபி என்று இந்த வட்டாரத்திலேயே இதே வேலையைச் செய்துவரும் நான் அந்தப் பேச்சைப் பலமுறை கேட்டவள். அனுபவம் மட்டும் சம்பளத்தை ஏற்றி நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பணம் தருபவர் யார், அந்த ஒரு மணி நேரம் ஏட்டில் யார் பெயரில் எழுதப்படுகிறது என்ற இரண்டும்தான் உங்கள் தங்கையின் சம்பளத்தைத் தீர்மானிக்கும்.

இதைப் படிக்கும் மைய உரிமையாளர்கள் சிலருக்கு வருத்தம் வரலாம். கட்டட வாடகை, தெரப்பிஸ்ட் சம்பளம், ஊஞ்சலும் பந்துமாகப் புலன் பயிற்சிக்கான சென்சரி அறைக்கு வாங்கிய பொருள்களின் கடன், ஒரே மாதத்தில் வருவதை நிறுத்திவிடும் பெற்றோர் என்று அவர்களுக்கும் சுமைகள் உண்டு என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். நேர்மையாகச் சம்பளம் தருபவர்களிடமும் வேலை செய்திருக்கிறேன். ஆகவே இதை யார் மீதும் சொல்லும் பழியாகக் கொள்ள வேண்டாம்.

ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் ஆவதற்கு, உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் நீளும் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குக் கோவையிலேயே கல்லூரி உண்டு. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அத்தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உதவியாளர் நிலைமை வேறு. நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் என்னிடம் இன்ன படிப்பு, இன்ன தேர்வு, இன்ன பதிவு எண் என்று கேட்டதே இல்லை. கேட்காதது சேரும்போது வசதியாகத் தோன்றும். சம்பளம் பேச உட்காரும்போதுதான் நம் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை என்பது தெரியவரும்.

அமெரிக்காவில் இதே வேலை எப்படி இருக்கிறது என்பதை என் சித்தப்பா மகள் வழியாக அறிவேன். அவர் அங்கே உரிமம் பெற்ற உதவியாளர். இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம், அதற்குள் குறைந்தது 16 வார முழுநேரக் களப்பயிற்சி, தேசியத் தேர்வு, மாநில உரிமம் ஆகிய அனைத்தையும் முடித்தவரே அங்கே உதவியாளர். படிப்பில்லாமல் வேலையிடத்திலேயே பழகிக்கொண்டு கருவிகளை எடுத்துவைப்பவருக்கு எய்டு என்று தனிப் பெயர். 2023-இல் அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை தந்த கணக்கின்படி உதவியாளரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 67,000 டாலரை ஒட்டியும், எய்டின் சம்பளம் 37,000 டாலரை ஒட்டியும் இருந்தது. ஒரே அறையில் ஒரே நோயாளியோடு நிற்கும் இருவருக்கு இடையே இவ்வளவு தூரத்தை உண்டாக்குவது அந்தப் படிப்பும் உரிமமும்தான். பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்குக் குறைவாகவும், முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வீடு தேடிச் செல்லும் சேவையிலும் இருப்பவர்களுக்குக் கூடுதலாகவும் கிடைக்கிறது.

உரிமம் இருந்தாலும் பணம் தருபவரின் கையில்தான் கடிவாளம் இருக்கிறது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2019 அக்டோபரில் பராமரிப்பு இல்லங்களுக்குப் பணம் தரும் முறையை மாற்றியது. அதுவரை தெரபி நிமிடங்களின் எண்ணிக்கையை வைத்துக் கொடுத்துவந்த தொகையை நோயாளியின் நிலையை வைத்துக் கொடுக்கத் தொடங்கியதும், பல இல்லங்கள் தெரபி ஊழியர்களைக் குறைத்தன. 2022 ஜனவரி முதல், மெடிகேரின் புறநோயாளிப் பிரிவில் உதவியாளர் செய்த சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 விழுக்காடு மட்டுமே தரப்படுகிறது. உதவியாளரின் திறமை ஒரே இரவில் 15 விழுக்காடு குறைந்துவிடவில்லை. பணம் தருபவர் விதியை மாற்றினார், அவ்வளவுதான்.

இப்போது என் கதை. ஈரோட்டில் நான் முதலில் சேர்ந்த மையத்தில் மாதம் 8,000 ரூபாய் தொகுப்பூதியம். தெரப்பிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வருவார். குழந்தைகளை மதிப்பிட்டு, யாருக்கு என்ன பயிற்சி என்று எழுதிக்கொடுத்துப் போவார். அது அவர் செய்ய வேண்டிய வேலை, அதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. மற்ற நாள்களில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குக் கரண்டி பிடிக்கவும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடவும், பென்சில் பிடிப்பு நழுவும் குழந்தைக்கு விரல்களை வலுவாக்கவும் பயிற்சி தந்தவள் நான். ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் வாங்கினார்கள். ரசீதிலும் ஏட்டிலும் தெரப்பிஸ்ட் பெயரே இருந்தது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது உரிமையாளர், "ஏனம்மிணி, வேலை கத்துக் குடுக்கறதுக்கு நாங்கதான் உங்கிட்டக் காசு வாங்கோணும். நீ பத்தலைங்கறயே" என்றார். வயதில் பெரியவர் என்பதால் எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய அடி அங்கிருந்து விலகும்போது விழுந்தது. அனுபவச் சான்று கேட்டேன். தாளில் என் பதவியை 'அலுவலக உதவியாளர்' என்று எழுதித் தந்தார்கள். எத்தனையோ குழந்தைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தாமாகச் சாப்பிடக் கற்றிருந்தார்கள், தாளிலோ நான் ஒரு குழந்தையைக்கூடத் தொட்டதில்லை. கோவையில் அடுத்து நேர்காணலுக்குப் போன மருத்துவமனையில் அந்தச் சான்றைப் பார்த்துவிட்டு, இது இந்த வேலைக்கான அனுபவமாகாது என்று சொல்லிப் புதியவருக்கான சம்பளத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை, அவர்கள் பார்த்தது தாளை. 'அனுபவம் வந்தால் சம்பளம் ஏறும்' என்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: அந்த அனுபவத்தை எழுத்தில் தருவீர்களா?

கோவையில் என்னைக் கைச் சிகிச்சைப் பிரிவில் போட்டார்கள். என் சம்பளம் உண்மையில் ஏறியது அங்கேதான், அதற்கான காரணம் நம் வட்டாரத்துக்கே உரியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் இயந்திரம், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி, கரும்புச்சாறு பிழியும் இயந்திரம், மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் என்று கொங்கு நாட்டில் கைகள் அடிபடும் இடங்கள் ஏராளம். அறுந்த தசைநாணைத் தைத்த பிறகு, விரலைச் சரியான கோணத்தில் நிறுத்த ஸ்பிளின்ட் என்னும் தாங்குபட்டை வேண்டும். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளக்கி, நோயாளியின் கையிலேயே படியவைத்து, ஓரங்களை மழித்து, பட்டைகள் ஒட்டித் தர வேண்டும். கோணம் தவறினால் தையல் தெறிக்கலாம், ஓரம் அழுத்தினால் தோல் புண்ணாகும். எந்த வகை, எத்தனை டிகிரி என்பதை அறுவை மருத்துவரும் தெரப்பிஸ்டும் முடிவு செய்வார்கள். அவர்கள் கண்ணெதிரில் அதைக் கையால் செய்து முடிப்பது என் வேலையானது. இதைச் செய்யத் தெரிந்த உதவியாளர்கள் மிகக் குறைவு. அங்கே வந்த தொழிலாளர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்தது, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்போர் அதில் வருவார்கள். நோயாளியின் கையிருப்பைப் பார்த்துச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை என்பதால் அந்தப் பிரிவுக்கு வருவாய் சீராக இருந்தது, எனக்கும் 14,000 வரை உயர்த்தித் தந்தார்கள்.

குழந்தைகள் மையங்களில் அப்படியொரு தாங்கல் பெரும்பாலும் கிடையாது. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும் பயிற்சிக்குப் பெற்றோர் தம் கையிலிருந்தே கொடுக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் என்ற ஒன்றிய அரசின் அமைப்பு வழியாக நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அதில் தெரபிக்கும் ஓர் உள்வரம்பு உண்டு. இதை அறியாத பெற்றோரே நம் ஊர்ப் பக்கம் மிகுதி. நான் சந்திக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதைச் சொல்லிவருகிறேன். குழந்தை தொடர்ந்து வந்தால்தான் அதற்கும் நன்மை, மையத்துக்கும் வருமானம், அங்கே வேலை செய்பவர்க்கும் சம்பளம்.

இப்போது வீடு தேடிச் செல்லும் வேலையும் பார்க்கிறேன். கோபி, சத்தியமங்கலம், பவானிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் பக்கவாதம் வந்த பெரியவர்கள் மிகுதியாக இருக்கிறார்கள். "எங்க அப்பாரு அவரு கையாலயே சோறு அள்ளித் தின்னாப் போதுமுங்க" என்று கேட்கும் குடும்பங்கள் மையத்தைவிடக் கூடுதலாகவே தருகின்றன. ஆனால் பெட்ரோல் செலவைத் தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அந்தக் கூடுதல் சாலையிலேயே கரைந்துவிடும். தெரப்பிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் உதவியாளர் தனியாக இந்த வேலையை ஏற்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். பயிற்சித் திட்டத்தை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை, அது நோயாளியின் பாதுகாப்பு சார்ந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் தங்கைக்கு இது வேண்டாம்.

கோவையில் ஈரோட்டைவிடக் கூடக் கிடைக்கும்தான். விடுதி வாடகையைக் கழித்துப் பாருங்கள். அதேபோல் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்க வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி உள்ள இடத்தில் முதலாளியின் பங்கு மாதம் 1,200 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு அவர் 325 ரூபாய் கட்ட, தங்கையிடம் 75 ரூபாய் பிடிப்பார்கள். ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன், இவை எதுவும் கிடையாது என்று சொல்லும் இடம் உண்மையில் குறைவாகத் தரும் இடம்.

இது சேவை, சம்பளத்தைப் பெரிதாகப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். நானும் இதைச் சேவையாகத்தான் நினைக்கிறேன். அமர்வுக்குக் கட்டணம் வாங்கும் இடத்தில், அந்த அமர்வை நடத்தியவரின் ஊதியத்தைப் பேசுவது சேவையைக் கெடுக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கை அறிவியல் பாடம் எடுத்துப் படித்தவராக இருந்து, குடும்பமும் தாங்குமானால், பட்டப்படிப்புக்கே முதலில் முயலுங்கள். அதற்கு வழியில்லை என்றால் மையத்தில் சேர்க்கலாம். ஆனால் சேரும் முன் நியமனக் கடிதத்தில் 'தெரபி உதவியாளர்' என்ற பதவிப் பெயர் இருக்கிறதா, அமர்வு ஏட்டில் பயிற்சி தந்தவர் என்று அவர் பெயரும் எழுதப்படுமா, தெரப்பிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் உடனிருப்பார் என்று நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள். இவற்றை எழுதித் தரும் இடமாக இருந்தால் முதல் ஆண்டுச் சம்பளம் ஓரிரு ஆயிரம் குறைந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். எழுதித் தர மறுத்தால், எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் அங்கே சேர்க்க வேண்டாம்.