மூளைக்குக் கரண்ட் வைப்பதில்லை

அக்கரைப்பற்றில் இருந்து எழுதிய தங்கச்சிக்கு: அம்மாவின் கை விறைப்புக்கு எஸ்.எஸ்.இ.பி. (தொடுகைச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போவதை அளக்கிற) பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார்கள், மூளைக்குக் கரண்ட் வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள்.

மூளைக்கு இல்லை. மணிக்கட்டு நரம்பில்தான் சின்னச் சின்னத் துடிப்பாகக் கொடுப்பார்கள், பெருவிரல் இலேசாகத் துள்ளும். தலையில் ஒட்டுகிற வயர்கள் மூளையின் பதிலைக் கேட்க மட்டுமே. மணிக்கட்டில் தொட்ட செய்தி ஏறத்தாழ 20 மில்லிசெக்கனில் மறுபக்க மூளைக்குப் போய்ச் சேரும். பிந்தினால், வழியில் எங்கோ தடங்கல்.

அந்தப் பதில் ஒருசில மைக்ரோவோல்ட்தான், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் சில பங்கு. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் வாகனம் ஓடும்போது வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்லும் அந்த மெல்லிய ஓசையைக் கேட்பது போல, மூளையின் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். அதனால் நூற்றுக்கணக்கான தடவை தட்டிச் சராசரி எடுப்பார்கள். 1951இல் டோசன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் கண்ட உபாயம் இது. நேரம் எடுப்பதும் இதனால்தான், அம்மாவுக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

கழுத்தை இறுக்கினால் தசையின் மின்சாரம் எல்லாவற்றையும் குழப்பும். என் அப்பாவுக்குப் பயத்தில் தோளை இறுக்கியே இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தது. விடிய பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்த களையில் அம்மா தூங்கினாலும் நல்லதுதான். முதல் நாள் தலை முழுகட்டும், எண்ணெய் வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று: இது தொடுகை, அதிர்வு போகும் பாதையைப் பார்ப்பது. எரிவுக்கும் நோவுக்கும் பாதை வேறு. ரிப்போட் சரியாக வந்தும் எரிவு இருந்தால் டொக்டரிடம் திரும்பக் கேளுங்கள்.