ரெட் டாட் கேள்வி-பதில்: துப்பாக்கி மாடலை எழுதிட்டு அப்புறம் கேளுங்கப்பா

ரெட் டாட்னா பிஸ்டல் மேல மாட்டற சைட், அதோட கண்ணாடில குறி பாக்க ஒரு ஒளிப்புள்ளி தெரியும். இந்த தடவை வந்த மெயில்ல பாதி "நல்ல ரெட் டாட் எது சார்"னு ஒத்த வரிதான். என்ன பிஸ்டல், ஸ்லைடு (சுடறப்ப முன்னயும் பின்னயும் ஓடற மேல்பாகம்) சைட் மாட்ட வெட்டினதா இல்லையா, இடுப்புல வச்சு சுத்தவா ரேஞ்சுக்கு மட்டுமா, ஒரு எழவும் இல்ல. அதையெல்லாம் ஓரமா தள்ளிட்டேன். மீதிக்குதான் பதில்.

கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ் (சைட் மாட்ட ஸ்லைடு வெட்டின மாடல்) வச்சிருக்கேன். ஹோலோசன் 507சி ஆஃபர்ல கிடைக்குது, வாங்கிடவா? (ஹூஸ்டன்)

வேண்டாம். 507சி ஆர்எம்ஆர் ஃபுட்பிரிண்ட் (சைட் அடிப்பாகத்தோட அளவும் ஸ்க்ரூ ஓட்டை அமைப்பும்), அகலமானது. உங்க ஸ்லைடு ஒல்லி, ஆர்எம்எஸ்சி ஃபுட்பிரிண்ட். 507கே பக்கம் போங்க, ஆனா அதுவும் அப்படியே உக்காந்துடாது, ஸ்லைடுல பின்னாடி இருக்கற ரெண்டு குட்டி போஸ்ட்டை ராவணும் இல்லன்னா நடுவுல பிளேட் போடணும். ராவ மனசு வரலன்னா நேரடியா ஆர்எம்எஸ்சில உக்கார்ற சைட்டா வாங்குங்க. ஆஃபரைப் பாத்து வாங்காதீங்க, ஸ்லைடைப் பாத்து வாங்குங்க.

3 எம்ஓஏவா 6 எம்ஓஏவா?

எம்ஓஏன்னா டாட்டோட சைஸைச் சொல்ற கோண அளவு. 25 யார்டுல 6 எம்ஓஏ புள்ளி சுமாரா ஒன்றரை இன்ச்சை மறைக்கும், 3 எம்ஓஏ முக்கால் இன்ச். கேரிக்கு, அதாவது இடுப்புல வச்சு சுத்தறதுக்கு, பெருசு, கண்ணுல சட்டுனு படும். பேப்பர்ல குரூப் சுடறவருக்கு சிறுசு. இதுக்கு ஒரு வாரம் யோசிக்கறதெல்லாம் ஓவர்.

டாட் வட்டமா தெரியல, கமா மாதிரி வால் விட்டு தெரியுது. டூப்ளிகேட் பீஸா? ரிட்டர்ன் போடவா? (ஃபீனிக்ஸ்)

அவசரப்படாதீங்க. மேகசினைக் கழட்டி, சேம்பர் (குண்டு உக்கார்ற அறை) காலின்னு ரெண்டு தடவை பாத்துட்டு, துப்பாக்கியை டேபிள்ல வச்சு டாட்டை போன்ல ஒரு போட்டோ எடுங்க. போட்டோல வட்டமா இருந்தா சைட் நல்லா இருக்கு, உங்க கண்ணுல அஸ்டிக்மேட்டிசம் (கண்ணோட வளைவு சீரா இல்லாத பார்வைக் குறை). பிரைட்னஸை ரெண்டு ஸ்டெப் குறைங்க, பாதி சரியாயிடும். கண்ணாடி பவர் செக் பண்ணி வருஷம் எத்தனை ஆச்சு? சில பேருக்கு பச்சை டாட் ஒத்துக்குது, கடைல நேர்ல பாத்துட்டு வாங்குங்க.

அண்ணா, வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல, ஒவ்வொரு தடவை ரேஞ்சுக்கு போறப்பவும் ஜீரோ (டாட்டும் குண்டு படற இடமும் ஒத்துப்போற செட்டிங்) மாறியிருக்கு. கடைல "மாத்தி வேற காஸ்ட்லி பிராண்ட் வாங்குங்க"ன்னு சொல்றாங்க. (டல்லாஸ்)

தம்பி, மாட்டினது யாரு, எதை வச்சு முடுக்கினாங்கன்னு ஒரு வார்த்தை எழுதினியா? எனக்கே தெரியும், டப்பால வந்த எல் மாதிரி வளைஞ்ச குட்டி சாவியை வச்சு "கை டைட்". இந்த ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதி எழுதி அலுத்துப் போச்சு. ரைஃபிள்ல சைட் சும்மா மேல உக்காந்திருக்கும், பிஸ்டல்ல ஸ்லைடோட சேந்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னயும் பின்னயும் அடி வாங்குது, அந்த மொத்த அடியையும் தாங்கறது துளியூண்டு ரெண்டு ஸ்க்ரூ. 400 டாலர் சைட்டுக்கு பணம் இருக்கு, டார்க் (முடுக்கற விசையை அளந்து காட்டற) ஸ்க்ரூட்ரைவருக்கு இல்ல!

சைட்டைக் கழட்டு. ஸ்க்ரூ, ஓட்டை, பிளேட் எல்லாத்தையும் ஆல்கஹால்ல துடைச்சு எண்ணெய்ப் பசை போகட்டும், எண்ணெய் மேல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) போட்டா பிடிக்காது. நீல லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டவே வேண்டாம், அதைக் கழட்ட சூடு காட்டணும், சூடு காட்டினா உள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ் போயிடும். டார்க் பெரும்பாலும் 10-லேந்து 15 இன்ச்-பவுண்டுக்குள்ள வரும், உன் சைட்டோட பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. பிளேட் இருந்தா பிளேட்டோட ஸ்க்ரூவும் இதே மாதிரி, எல்லாரும் மறக்கறது அதைத்தான். ஒரு ராத்திரி காய விடு, அப்புறம் ஸ்க்ரூ தலைலேந்து சைட் பாடிக்கு பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு. கோடு விலகினா ஸ்க்ரூ நகந்துடுச்சுன்னு பாத்த உடனே தெரியும்.

இன்னொண்ணு, ஸ்க்ரூ நீளம். கிளாக்ல வலது பக்க ஸ்க்ரூ கொஞ்சம் நீளமா போனா கீழ இருக்கற எக்ஸ்ட்ராக்டர் பிளஞ்சரை (சுட்ட கேஸை இழுக்கற கொக்கிக்கான தண்டு) அமுக்கும், கேஸ் ஒழுங்கா வெளிய வராது, உடனே அம்மோ சரியில்லன்னு அம்மோவைத் திட்டுவாங்க. இதெல்லாம் பண்ணியும் ஜீரோ ஓடினா அப்போ எழுது, பிராண்டைப் பத்தி பேசலாம்.

ஓபனா, மூடின டைப்பா?

சட்டைக்குள்ள கேரின்னா மூடினது. ஓபன்ல எமிட்டர் (டாட்டுக்கு ஒளி விடற குட்டி விளக்கு) மேல பஞ்சு, வியர்வை, மழைத்துளி எது உக்காந்தாலும் டாட் கலங்கிடும். ஏம்பாயிண்ட் அக்ரோ பி-2, ஹோலோசன் இபிஎஸ் ரெண்டும் பாருங்க. ரேஞ்சுக்கு மட்டும்னா ஓபனே போதும், ஜன்னலும் பெருசா கிடைக்கும்.

பேட்டரி 50,000 மணி நேரம்னு போட்டிருக்கான். நிஜமா? (அட்லான்டா)

நடு செட்டிங்ல வச்சு போட்ட கணக்கு, அஞ்சரை வருஷம் கிட்ட வரும். வெயில்ல பிரைட்னஸை ஏத்தினா அவ்வளவு வராது. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, காயின் பேட்டரி என்ன விலை விக்குது. ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் டைப் 2 மாதிரி மாடல்னா பேட்டரி அடில இருக்கு, சைட்டையே கழட்டணும், மறுபடி லாக்டைட், டார்க், ஜீரோ செக்.

துப்பாக்கியை எடுத்து நீட்டினா டாட்டே காணோம், தேட வேண்டியிருக்கு. ஜன்னல் பெருசா இருக்கற சைட் வாங்கினா சரியாயிடுமா?

ஆகாது. டாட் கண்ணாடிலதான் இருக்கு, உங்க மணிக்கட்டு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோணத்துல நிக்குது. சேம்பர் காலி, ரெண்டு தடவை பாத்தாச்சு, ரவை எல்லாம் வேற ரூம்ல. அதுக்கப்புறம் தினம் பத்து நிமிஷம் வீட்ல டிரா பண்ணி பழகுங்க, பார்வை டார்கெட் மேலயே இருக்கணும், டாட்டைத் தேடாதீங்க.

ஹெச்1பில இருக்கேன், பிஸ்டல் வாங்கினா எந்த டாட் போடலாம்?

சைட் அப்புறம். இமிக்ரண்ட் அல்லாத விசால வந்தவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி பொதுவா தடை. செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, அது உங்களுக்குப் பொருந்துமான்னு வக்கீல்தான் சொல்லணும். ஆஃபீஸ்ல கூட வேலை பாக்கறவர் சொன்னாருன்னு கிளம்பாதீங்க.

ரூகர் மார்க் 4, .22. விலை கம்மி டாட் தாங்குமா?

தாங்கும். சைட் ரிசீவர் மேல நிக்குது, உள்ள போல்ட் மட்டும்தான் ஓடும். டார்க் ஸ்க்ரூட்ரைவர் இதுக்கும் உண்டு.

பையன் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகறான், ரெட் டாட் ஒண்ணு வாங்கிட்டேன், எப்படி மாட்டறது? (கோயம்புத்தூர்)

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) ரூல்படி அந்த ஈவென்ட்ல ஓபன் சைட், அதாவது கண்ணாடியும் டாட்டும் இல்லாத சாதா இரும்பு சைட் மட்டும்தான். வாங்கறதுக்கு முன்னாடி கோச்சை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். சீல் பிரிக்கலன்னா ரிட்டர்ன் போட்டுடுங்க.