பாதிதான் திறக்கும் சூப்பர் ஸ்பீட்: வினாகிரியில் ஊற வைக்கலாமா?

உங்கள் பழைய ஜில்லெட் சூப்பர் ஸ்பீட் சவர ரேசரில் பச்சை படிந்திருக்கிறது, பிளேடை மூடும் இரு கதவுகளும் பாதிதான் திறக்கின்றன, இரவு முழுக்க வினாகிரியில் ஊற வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்க வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கிய உங்கள் ஜில்லெட், பித்தளைக்கு மேல் நிக்கல் முலாம் பூசியது. நீங்கள் சொல்லும் பச்சை, பித்தளையின் களிம்பு. அது இருக்கும் இடத்தில் முலாம் ஏற்கனவே விட்டிருக்கும். இரவு முழுக்க வினாகிரியில் கிடந்தால் அந்த ஓட்டை வழியே அமிலம் இறங்கி, சுற்றியுள்ள முலாமையும் கிளப்பிவிடும். தேசிக்காய்ப் புளியும் அப்படித்தான்.

கதவு பாதியில் நிற்பது பெரும்பாலும் பழைய சவர்க்காரப் படிவால். அடிக் குமிழைத் திருகும்போது கைப்பிடிக்குள் ஒரு தண்டு மேலேறிக் கதவுகளைத் தள்ளும். படிவு அந்தத் தண்டைச் சுற்றித்தான் இறுகியிருக்கும். கை பொறுக்கும் சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு மென்மையான டூத் பிரஷால் கதவு மூட்டுகளைத் தேயுங்கள். இரண்டு மூன்று தரம் செய்யவேண்டி வரும். ஈரம் துடைத்து, குமிழ் சேரும் இடத்திலும் மூட்டுகளிலும் டபிள்யூடி-40 (இறுகியதை இளக்கும் எண்ணெய்) விட்டு ஒரு இரவு வையுங்கள். குறட்டால் மட்டும் திருகாதீர்கள்: கதவைத் தாங்கும் உலோகக் கை வளைந்தால் பிளேடின் இரு பக்க இடைவெளியும் ஒன்றாக வராது, ஒரு பக்கம் வெட்டும்.

இலகுவானதும் எண்ணெயைக் கழுவி, 70% ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பத்து நிமிடம் வைத்து, மினரல் ஒயில் ஒரு துளி விடுங்கள். பிராசோ (உலோகம் மினுக்கும் திரவம்) போட்டுத் தேய்த்தால் மெல்லிய முலாம் இன்னும் தேயும். கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு, குளியலறையில் வைக்காமல் அலுமாரியில் வைப்பதே நல்லது.